பின் அக்சில் ஸ்டட் ஆணிகள் முறிதல்: காரணம் அறிதலும் காத்தலும்

ஆனையிறவுக்குத் தெற்கேயுள்ள பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளை, உருத்திரபுரம் ஆகிய ஊர்களிலே காலபோக நெல் பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் அறுவடையாகும். அறுத்த நெல்லை ஈர வயலில் நெடுநேரம் வைத்திருத்தல் இயலாது. பருவம் தவறிய ஒரு மழை பெய்யின் மூட்டையிலுள்ள நெல் சூடேறி முளைகொள்ளும். மரக்கறியோ அதனினும் விரைவிற் கெடும். கத்தரியும் பயிற்றையும் வெண்டியும் பறித்த மறுநாட் காலையிலேயே சந்தையைச் சேர்தல் வேண்டும். ஆதலின் நாற்சில்லு இயக்க வாகனங்களைக் கமக்காரர் பலர் இன்று வைத்திருக்கின்றனர். சேற்று வயலிலும் வாய்க்கால் வரம்பிலும் ஏறி இறங்கிப் பின்னர் நெடுவீதியில் விரைந்து செல்லும் ஆற்றல் இவ்வாகனங்களுக்கு உண்டு.

இவ்வாகனங்களுக்கு நேரும் பழுதுகளுள் பின் அக்சில் ஸ்டட் ஆணி முறிதல் ஒன்று. ஆணி சிறியது, அதன் விலையும் சிறியது. ஆயினும் அது முறிந்தால் பாரத்தோடு வாகனம் நடுவழியில் நின்றுவிடும். ஆனையிறவுத் தாம்போதியில் இரு மருங்கும் களப்பு நீர். வாகனத்தை ஒதுக்கி நிறுத்த அங்கு இடம் குறைவு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுவீதியின் பேருந்துகளும் பாரவண்டிகளும் அவ்வழியே இரவும் பகலும் விரைந்து செல்வன. அங்கு சில்லுக் கழன்ற வாகனம் பொருளுக்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடாகும். இத்தகைய முறிவு முன்னறிவித்தலின்றி வருவது அரிது. குறிகளை அறிந்தவர் அதனைத் தடுத்துவிடலாம்.

ஸ்டட் ஆணியின் தொழில்

தலையின்றி இரு முனையிலும் மரை வெட்டப்பட்ட ஆணியே ஸ்டட் எனப்படும். ஒரு முனை ஹப்பினுள் இறுக்கித் திருகப்பட்டிருக்கும். மறுமுனையில் அக்சில் தண்டின் தட்டு கோக்கப்பட்டு, நட்டினால் இறுக்கப்படும். எஞ்சினின் சுழற்சி, தண்டு வழியாக இத்தட்டுக்கு வந்து, தட்டிலிருந்து ஹப்புக்கும் சில்லுக்கும் செல்கின்றது.

இங்கே கமக்காரர் தெளிவாக உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. சுழற்சியை ஆணிகள் குறுக்கே நின்று தாங்குகின்றன என்று பலர் எண்ணுவர். அது பொருந்தாது. ஆணியானது தட்டையும் ஹப்பையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கின்றது. அவ்வழுத்தத்தால் இரு முகங்களுக்குமிடையே உண்டாகும் உராய்வே சுழற்சியின் பெரும்பகுதியைக் கடத்துகின்றது. வைக்கோற் பாரத்தைக் கயிற்றால் இறுகக் கட்டினால் வைக்கோல் நகராது, கயிறும் தேயாது. கட்டுத் தளர்ந்தால் வைக்கோல் அசையும். ஒவ்வொரு அசைவிலும் கயிறு அறுபடும். ஆணியின் நிலையும் இதுவே.

ஆணிகளின்மேல் வரும் விசை எத்துணை என்பதை எளிய கணக்கொன்றால் அறியலாம். ரயரின் ஆரம் 40 சதமமீற்றர் எனவும், ஆணிகள் நிற்கும் வட்டத்தின் ஆரம் 5 சதமமீற்றர் எனவும் கொள்க. ரயர் நிலத்தை உதைக்கும் விசையைப்போல் 8 மடங்கு விசை ஆணி வட்டத்தில் தோன்றும். சேற்றிலிருந்து ஏறும்போது ஒரு சில்லு 500 கிலோகிராம் விசையோடு உதைக்குமாயின், ஆணி வட்டத்தில் 4,000 கிலோகிராம் விசை நிற்கும். இறுக்கம் சரியாயின் உராய்வு இதனிற் பெரும்பங்கை ஏற்கும். இறுக்கம் தளர்ந்தால் 6 ஆணிகளும் தலைக்கு ஏறத்தாழ 670 கிலோகிராம் விசையைக் குறுக்கே ஏற்றல் வேண்டும். அவற்றுள் ஒன்று முறிந்தால் எஞ்சிய 5 ஆணிகளின் பங்கு 800 கிலோகிராம் ஆகும். இதனாலேயே ஒன்று முறிந்தபின் ஏனையவை விரைவில் அடுத்தடுத்து முறிகின்றன.

அக்சிலின் இருவகை

தம் வாகனத்தின் பின் அக்சில் எவ்வகையது என்பதை ஒவ்வொருவரும் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாம் வகையில், ஹப்பானது அக்சில் கூட்டின் முனையிலே பெயரிங்குகளின்மேல் தானாக நிற்கும். பாரத்தைக் கூடு சுமக்கும். தண்டு சுழற்சியை மட்டும் கொடுக்கும். 1948ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்து இலங்கையிலும் நெடுங்காலம் ஓடிய லான்ட் ரோவர் பெரும்பாலும் இவ்வகையது. பாரமான லான்ட் குறூசர் வகைகள் பலவும் இதனைச் சார்ந்தவை. சில்லின் நடுவே தண்டின் தட்டும் அதனைச் சுற்றி நட்டுகளும் வெளியே தெரியும். இதில் தட்டின் ஆணிகள் யாவும் முறிந்தாலும் சில்லுக் கழலாது. வாகனம் ஓடும் ஆற்றலையே இழக்கும்.

இரண்டாம் வகையில், தண்டே சுழற்சியைக் கொடுப்பதோடு பாரத்தையும் சுமக்கும். சிறிய பிக்கப் வாகனங்கள் பெரும்பாலும் இவ்வகையின. இதில் சில்லைத் தாங்கும் ஆணிகள் தண்டின் தட்டிலேயே பதிந்திருக்கும். அவை முறிந்தாற் சில்லே கழன்றுவிடும். எனவே இதன் ஆபத்துப் பெரிது.

முறிவதற்குரிய காரணங்கள்

1. நட்டுத் தளர்தல். எல்லாக் காரணங்களுள்ளும் முதன்மையானது இதுவே. பெயரிங் மாற்றியபின்போ ரயர் மாற்றியபின்போ ஒருமுறை இறுக்கிவிட்டு மறந்துவிடுதல் வழக்கம். புதிதாகப் பொருத்திய முகங்கள் முதல் ஓட்டத்திற் சற்றுப் படியும். அதனால் இறுக்கம் குறையும்.

2. முகத்தில் எண்ணெய் படிதல். டிபரன்சியலின் எண்ணெயோ பெயரிங்கின் கிறீசோ தட்டுக்கும் ஹப்புக்கும் இடையே கசிந்தால் உராய்வு பெரிதும் குறைந்துவிடும். நட்டு இறுகியிருப்பினும் தட்டு வழுக்கி ஆணியை இடிக்கும். தடித்த கஸ்கெற்றை இட்டாலும் அது நாளடைவில் நசிந்து இறுக்கத்தைத் தளர்த்தும்.

3. பெயரிங் ஆட்டம். முதலாம் வகை அக்சிலில் ஹப் ஆடினால், தண்டின் தட்டு அதனோடு சேர்ந்து ஆடமாட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் ஆணி சிறிதே வளைந்து நிமிரும். மேலே குறித்த ரயர் 1 கிலோமீற்றரில் ஏறத்தாழ 400 முறை சுழலும். ஆனையிறவிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள 50 கிலோமீற்றர் அளவான ஓட்டத்தில் ஆணி 20,000 முறை வளைந்து நிமிர்கின்றது. கம்பியைப் பலமுறை வளைத்து ஒடிப்பது போன்றதே இது. 1842ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் வெர்சாய் அருகே புகையிரத அச்சொன்று முறிந்து பலர் மாண்டனர். அதன்பின் செருமானிய அறிஞர் வோலர் புகையிரத அச்சுக்களைப் பல்லாண்டுகள் சோதித்தார். ஒருமுறை தாங்கக்கூடிய பாரமே பன்முறை மாறிமாறி வரின் உருக்கை முறிக்கும் என்பதை அச்சோதனைகள் நிலைநாட்டின.

4. தார்வீதியில் நாற்சில்லு இயக்கத்தோடு ஓடுதல். வன்னிக் கமக்காரர் சிறப்பாகக் கவனிக்கற்பாலது இது. வாகனம் வளையும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நெடுந்தூரம் செல்கின்றன. சேற்றிலும் மணலிலும் ரயர் சற்று வழுக்கி இவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்வீதியில் அது வழுக்காது. அப்போது முன் அக்சிலும் பின் அக்சிலும் ஒன்றையொன்று முறுக்கும். அம்முறுக்கு ஆணிகளிற் சேரும். வயலிலிருந்து ஏறியவர் நாற்சில்லு இயக்கத்தை நீக்க மறந்து ஏ9 வீதியில் ஓடுவாராயின் ஆணிகளைத் தாமே முறிப்பவராவர். அளவு வேறுபட்ட ரயர்களையும், ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தேய்ந்ததுமான ரயர்களையும் பூட்டுதலும் இத்தகைய தீங்கைச் செய்யும்.

5. மிகை பாரம். வாகனத்திற்கு விதித்த பாரத்தை மூட்டைக் கணக்கால் மட்டும் அளத்தல் தவறு. ஈர நெல் கனமானது. 14 வீத ஈரப்பதனில் 1,000 கிலோகிராம் நிறையுள்ள நெல், அறுவடை நாளில் 22 வீத ஈரப்பதனோடு ஏறத்தாழ 1,100 கிலோகிராம் நிறுக்கும். காய்ந்த நெல்லின் கணக்கில் மூட்டை ஏற்றுபவர் தம்மையறியாமலே 100 கிலோகிராம் மிகையாக ஏற்றுகின்றார்.

6. உப்பும் துருவும். ஆனையிறவுக் களப்பின் ஓரங்களிற் கோடையில் உப்புப் பூக்கும். சோளகக் காற்று அவ்வுப்புத் துகளை வாரி வீசும். ஆணியின் மரையிலே உப்பு ஈரம் தங்கினால் துருவேறி நுண்ணிய குழிகள் உண்டாகும். வெடிப்பு அக்குழியிலேதான் தொடங்கும். மேலும், நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப்பை உடனே நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருங்கி, வெளிநீரை உள்ளே இழுக்கும். பெயரிங் துருப்பிடிக்கும், துருப்பிடித்த பெயரிங் ஆடும், ஆட்டம் ஆணியை முறிக்கும்.

7. தகாத ஆணி. சாதாரண இரும்புக் கம்பியிலே மரை வெட்டிய ஆணிகளும் சந்தையில் உண்டு. ஆணியின் தரம் 8.8, 10.9 என்னும் எண்களாற் குறிக்கப்படும். முதலெண்ணை நூறாற் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீற்றர் உருக்கு அறுவதற்கு முன் தாங்கும் விசை நியூட்டன் அளவிற் கிடைக்கும். 8.8 தரம் 800 நியூட்டனும், 4.6 தரம் 400 நியூட்டனுமே தாங்கும். பின்னதை முன்னதன் இடத்தில் இடுபவர் வலிமையைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றார்.

8. மிகையாக இறுக்குதல். ஸ்பனரில் நீண்ட குழாயைப் பூட்டி ஏறி மிதித்து இறுக்கினால் ஆணி நீண்டுவிடும். நீண்ட ஆணிக்கு மீளும் தன்மை இல்லை. அது மீண்டும் தளரும்.

முறியுமுன் தோன்றும் குறிகள்

அ. வாகனம் புறப்படும்போதும், முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றும்போதும் பின்சில்லில் "டக்" என்ற ஒலி கேட்டல்.

ஆ. தட்டின் விளிம்பில் எண்ணெய்க் கசிவும், அதிற் படிந்த புழுதி வளையமும் காணப்படுதல்.

இ. நட்டைச் சுற்றிச் செம்மண் போன்ற நுண்ணிய துருத்தூள் தோன்றுதல். இரு முகங்கள் அசைந்து உராய்வதற்கு இதுவே தெளிவான சான்று.

ஈ. சிறு சுத்தியலால் நட்டை மெல்லத் தட்டும்போது ஒலி வேறுபடுதல். இறுகிய நட்டுக் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்ததும் உள்ளே வெடித்ததும் மழுங்கிய ஒலி தரும்.

உ. சில்லை ஜக்கினால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிதல்.

முறிந்த ஆணி கூறும் செய்தி

முறிந்த ஆணியை எறிந்துவிடலாகாது. அதன் முறிந்த முகத்தைத் துடைத்து நல்ல வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

முகத்தின் பெரும்பகுதி வழுவழுப்பாகவும், வற்றும் குளத்தின் கரையிலே நீர் விட்டுச்சென்ற வரைகள்போல வளைந்த கோடுகளை உடையதாகவும் இருப்பின், ஆணி நாட்பட வெடித்து மெல்ல மெல்ல முறிந்ததாகும். தளர்ந்த நட்டையும் பெயரிங் ஆட்டத்தையும் தேடுக. வழுவழுப்பான பகுதி துருவேறிக் கபில நிறமாயும் எஞ்சியது புதிதாயும் இருப்பின், வெடிப்புப் பல நாள் முன்னரே தொடங்கிவிட்டது.

முகம் முழுதும் ஒரே தன்மையாய், மணல்மணலாய்ச் சொரசொரப்பாக இருப்பின், ஒரே அதிர்ச்சியில் முறிந்தது. சேற்றிற் புதைந்த வாகனத்தைத் திடீரெனக் கிளச்சை விட்டு எழுப்பியதோ, மிகை பாரமோ காரணமாகலாம்.

முறிந்த இடம் உடுக்கின் இடைபோல ஒடுங்கி மெலிந்திருப்பின், ஆணி மிகையாக இறுக்கப்பட்டது அல்லது மென்மையான இரும்பாலானது.

முகம் ஹப்பின் மட்டத்தோடு தட்டையாய் ஒருபுறம் இழுபட்டுக் காணப்படின், தட்டு வழுக்கி ஆணியைக் குறுக்கே வெட்டியது. இடையிற் படிந்த எண்ணெயைத் தேடுக.

வழியில் முறிந்தால் செய்யவேண்டியவை

முதலாவதாக, சில்லுக்குக் கல் அல்லது கட்டையை அணை வைத்தல் வேண்டும். இது மிக இன்றியமையாதது. லான்ட் ரோவர் முதலிய சில வாகனங்களிற் கைப்பிரேக்குச் சில்லைப் பிடிக்காது, கியர்ப்பெட்டியின் பின்னுள்ள தண்டையே பிடிக்கும். ஒரு பக்கத்து அக்சில் ஆணிகள் முறிந்தாற் கைப்பிரேக்கை இழுத்தாலும், கியரில் விட்டாலும் வாகனம் நில்லாது உருளும். அணை வையாது வாகனத்தின் கீழே புகுதல் உயிரிழப்புக்கு ஏதுவாகும்.

முதலாம் வகை அக்சிலாயின், பாரத்தை இறக்கிவிட்டு, நாற்சில்லு இயக்கத்தைப் பூட்டி, முன்சில்லுகளின் உதவியால் அருகிலுள்ள திருத்தகம் வரை மெதுவாகச் செல்லலாம். எப்போதும் நாற்சில்லும் இயங்கும் வாகனமாயின் நடு டிபரன்சியலையும் பூட்டுதல் வேண்டும். முறிந்த பக்கத்துத் தண்டை வெளியே எடுத்து, ஹப்பின் வாயைத் தூய துணியாலும் பொலித்தீனாலும் இறுகக் கட்டினால் எண்ணெய் வடியாது, புழுதியும் புகாது. தார்வீதியில் இவ்வாறு செல்லுதல் தவறன்று; பின் அக்சில் இழுக்காதபடியால் முறுக்கு உண்டாகாது.

இரண்டாம் வகையாயின் நிலை வேறு. சில்லின் ஆணி ஒன்று முறிந்தாலும் பாரத்தை இறக்கி, ஏனைய நட்டுகளை இறுக்கி, மெதுவாகவே செல்லல் வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ முறிந்தால் வாகனத்தை ஓட்டலாகாது. நெல்லை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்புதலே நன்று. கூலி போயினும் உயிர் நிற்கும்.

மாற்றும் முறை

ஓர் ஆணி நாட்பட வெடித்து முறிந்திருந்தால், அந்த ஹப்பிலுள்ள ஆணிகள் யாவற்றையும் ஒருங்கே மாற்றல் வேண்டும். முறியாத ஆணிகளும் அதே தொல்லையை அனுபவித்தவையே.

ஹப்பினுள் நிற்கும் அடித்துண்டை எடுக்க, நடுவே குறியிட்டுத் துளைத்து, இடமரை வாங்கியால் திருகி எடுப்பர். ஹப்பின் மரை கெட்டிருப்பின் புதிய மரைச்சுருள் இடுதல் வேண்டும். ஆணியை ஹப்போடு ஒட்டுவைத்து நிறுத்துதல் கூடவே கூடாது. ஒட்டின் வெப்பம் உருக்கின் வலிமையைக் கெடுக்கும், பெயரிங்கும் பாழாகும்.

பூட்டுமுன் பெயரிங்கைச் சோதித்து ஆட்டத்தை நீக்குக. எண்ணெய் கசியுமாயின் சீலை மாற்றுக. தட்டின் முகத்தையும் ஹப்பின் முகத்தையும் பெற்றோலால் துடைத்து உலரவிடுக. கூம்பு வாசர்களும் வழிகாட்டும் முளைகளும் உள்ள வாகனமாயின், அவற்றுள் ஒன்றையேனும் விடாது பூட்டுதல் வேண்டும். அவை குறுக்கு விசையை ஏற்பதற்கென்றே அமைந்தவை.

பழைய ஆங்கில வாகனங்கள் பலவற்றில் அங்குல மரையும், யப்பானிய வாகனங்களில் மில்லிமீற்றர் மரையும் உள்ளன. ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால் இரண்டும் கெடும். விரலால் எளிதில் ஏறாத நட்டை ஸ்பனரால் ஏற்றலாகாது.

நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காது, எதிரெதிராக மாறிமாறி, மூன்று தடவையிற் படிப்படியாக இறுக்குக. முடிவாக, வாகனக் கைந்நூலிற் குறித்த அளவுக்கு ரோர்க் ஸ்பனரால் இறுக்குக. அளவு காட்டும் இந்த ஸ்பனர் இல்லாதவர் அஃதுள்ள திருத்தகத்தில் இவ்வேலையைச் செய்வித்தல் நன்று. பின்னர் நட்டின்மேலும் தட்டின்மேலும் ஒரே கோடாக வெள்ளை மையிடுக. நட்டுத் தளர்ந்தாற் கோடு விலகும். காலையில் வாகனத்தைச் சுற்றிவரும் சிறுவனும் அதனைக் கண்டு சொல்லக்கூடும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் இறுக்கம் பார்த்தல் கட்டாயமாகும்.

உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு

நாற்சில்லு இயக்கமுள்ள உழவு இயந்திரங்களுக்கும் மேற்கூறியவை பெரும்பாலும் பொருந்தும். சேற்றுழவுக்கென ரயரின் பக்கத்தில் இரும்புச் சில்லைப் பூட்டும்போது, விசை ஆணிகளிலிருந்து வெளியே தள்ளி நிற்கின்றது. ஆணிகள் மிகுதியாக வளைகின்றன. இரும்புச் சில்லோடு வரம்பைக் குறுக்கே கடத்தலையும், வீதியில் ஓடுதலையும் தவிர்க்க. உழவு முடிந்து இரும்புச் சில்லைக் கழற்றியவுடன் பின்சில்லு நட்டுகள் யாவற்றையும் மீண்டும் இறுக்குக. பெட்டியை இழுத்து வீதியில் ஏறுமுன் முன்சில்லு இயக்கத்தை நீக்குக.

நினைவிற் கொள்ளத்தக்கவை

நாள்தோறும்: வெள்ளைக் கோடுகளையும், எண்ணெய்க் கசிவையும், துருத்தூளையும் பார்க்க.

வயலிலிருந்து வீதியில் ஏறும்போது: நாற்சில்லு இயக்கத்தை நீக்குக.

களப்போரத்திலோ உவர் நிலத்திலோ ஓடிய அன்று: சில்லுகளையும் ஹப்பையும் குளத்து நீரால் அல்லது கிணற்று நன்னீரால் கழுவுக.

ஆழ்ந்த நீரிற் சென்றபின்: டிபரன்சியல் எண்ணெயைப் பார்க்க. அது பால்போல் வெளுத்திருப்பின் மாற்றுக. பெயரிங்கையும் திறந்து பார்க்க.

மாதம் ஒருமுறை: சில்லை உயர்த்திப் பெயரிங் ஆட்டம் பார்க்க, நட்டுகளின் இறுக்கம் பார்க்க.

அறுவடை தொடங்குமுன்: இரு பின் ஹப்புகளையும் முறையாகச் சோதித்து, ஐயமுள்ள ஆணிகளை மாற்றுக. உரிய தரத்து ஆணிகளும் நட்டுகளும் ஒரு தொகுதி வாகனத்தில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இரணைமடு வாய்க்காலின் நீர் வயலை அடையுமுன் கமக்காரர் மடையையும் வரம்பையும் பார்த்துச் செப்பஞ் செய்வர். ஒரு சிறு நண்டு வளை வரம்பை உடைக்கும் என்பதை அவர் அறிவர். வாகனத்தின் ஆணியும் அத்தகையதே. அதனை மார்கழியிற் பார்த்துவைத்தவரின் நெல், தை மாதத்திற் பழுதின்றிக் களஞ்சியத்தைச் சேரும்.